செம்பு வளையம் விதைத்த வயல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனை இல்லை. ஒரு பவுண்டு கொடுத்து வாங்கியது.

போன மாதம் கார்ச் சந்தைக்குப் போயிருந்தேன். காரின் டிக்கியைத் திறந்துவைத்து வீட்டில் வேண்டாததையெல்லாம் விற்பார்களே, அந்தச் சந்தை. ஒரு டிக்கியில் ஊறுகாய் ஜாடி நிறையச் செம்பு வளையங்கள். மோதிர அளவு. குழாய் இணைப்புக்குள் வைத்து இறுக்குகிற சாமான். எல்லாவற்றிலும் மண்.

“இதுல ஏன் இவ்வளவு மண்ணு?”

“வாங்குனா சொல்றேன்.”

வாங்கினேன். விற்றவர் பெயர் கிளெம் கரோட். வீடுகளைச் சூடாக்கும் பாய்லர் மாட்டி ஓய்வு பெற்றவர். பன்றிக்கறி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே முக்கால் மணி நேரம் சொன்னார். முடிவு வருகிற இடத்தில் ரொட்டி தீர்ந்துவிட்டது. அதைப் பற்றிப் பிறகு பேசுவோம். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். இங்கிலாந்தில் சஃபோக் என்று வைத்துக்கொள்ளுங்கள். நார்ஃபோக்காகவும் இருக்கலாம். மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயல்வயலாக அலைபவர்கள் தங்கள் மூலநோயைப் பற்றிக்கூட விவரமாகச் சொல்வார்கள், வயலை மட்டும் சொல்ல மாட்டார்கள். உங்களை நம்பாமல் இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் மண்வெட்டி இருக்கிறதா இல்லையா?

2

தொடக்கம், முதல் முயற்சி: அக்டோபர் இளவெயிலில் அறுத்த கோதுமைத் தாள்கள் பொன்னாய் மின்ன, தொலைவில் ஒரு தேவாலயக் கோபுரம்

நிறுத்தினேன். பொன்னை முதல் வரியிலேயே செலவழித்தால் பிற்பாடு கையில் ஒன்றும் இருக்காது.

இரண்டாம் முயற்சி: ஆதி மனிதன் எதையோ தேடி

மன்னிக்கவும்.

மூன்றாம் முயற்சி: மோரினுக்குக் குளிர்ந்தது.

ஆ! இங்கே ஓசை வருகிறது. இங்கேயே தோண்டுவோம்.

மோரின் கேட்ச்போல் வீட்டுப் பாய்லர் மார்ச் மாதம் செத்தது. புதிது வாங்க எடுத்துவைத்திருந்த பணத்தில், ஏப்ரல் மாதம் அவர் கணவர் ராய்ஸ்டன் ஒரு டிடெக்டர் வாங்கிவந்தார். ராய்ஸ்டன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். அவசரக்காரர் என்று இதுவரை யாரும் அவரைச் சொன்னதில்லை, அதில் ஏறிப் பள்ளிக்குத் தாமதமாகப் போன பிள்ளைகள் உட்பட.

“பாய்லர் காச எரிக்கும், மோரின். இது காச எடுத்துக் குடுக்கும். குளிர் வர்றதுக்குள்ள ரெண்டு பாய்லர் வாங்கலாம்.”

“ரெண்டாவது எதுக்கு?”

“பேச்சுக்குச் சொன்னேன்.”

அக்டோபர் வந்தது. பிஸ்கட் டப்பாவில் சேர்ந்தவை: பீர் டப்பா மூடிகளின் காது, ஒரு படி அளவு. துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடி, நிறைய. சட்டைப் பொத்தான். சக்கரமில்லாத பொம்மைக் கார். மோரின் செப்டம்பர் முதலே கம்பளிக் கோட்டைக் கழற்றுவதில்லை. கோட்டோடு சமைத்தார், கோட்டோடு தொலைக்காட்சி பார்த்தார். படுக்கையிலும் கோட்டுதான். கெடு வைத்தார்.

“குளிர்காலத்துக்காகக் கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வைக்கிற ஞாயித்துக்கிழம வரைக்கும்தான். அன்னைக்கு ராத்திரி அந்த டிடெக்டர வித்துட்டு என் பாய்லர வாங்குற.”

“பாதி விலைக்குத்தான் போகும்.”

“அப்ப பாதி பாய்லர் வாங்கு.”

அந்த ஞாயிற்றுக்கு முந்தைய நாள்தான் நம் கதை.*

* தற்செயல் கொஞ்சம் அதிகம்தான். கிளெமிடம் நானும் இதைச் சொன்னேன். “ஒரு பவுண்டுக்கு வேற என்ன எதிர்பாக்குற?” என்றார்.

3

முதல் வரைவில் ராய்ஸ்டனைப் பேராசைக்காரராக எழுதிப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. பொத்தானுக்காகத் தோண்டிய குழியைக்கூட மண்டியிட்டு மூடி, மேலே அறுப்புத் தாளைச் சரிசெய்து, ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் எழுந்தார். பேராசைக்காரன் குழியை மூட மாட்டான். ஆகையால் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு, அவருக்கு நம்பிக்கை என்கிற வியாதியைக் கொடுத்திருக்கிறேன். அது கூடுதல் ஆபத்து.

சனிக்கிழமை முற்பகல், பதினொன்றரை. வயல் திருமதி குடர்ஹாம் அம்மையாருடையது. அவர் அனுமதியோடுதான் தேடினார்கள். கிடைப்பதில் அவருக்குப் பாதி, தேடியவருக்குப் பாதி. வழக்கமே அதுதான். அவருடைய தேடல் கூட்டாளி கிளெம் நாற்பது அடி தள்ளித் தன் கருவியை வீசிக்கொண்டு நடந்தார்.

ராய்ஸ்டன் காதில் ஓர் ஓசை. பீப் என்று எழுதினால் அசிங்கமாக இருக்கிறது. சைக்கிள் மணியை ஒரே ஒரு முறை தட்டினால் வருமே, அது. தோண்டினார். கறுத்த ஒரு வெள்ளிக் காசு. சின்னப்பிள்ளை வரைந்தது போல ஒரு ராஜா முகம், திருப்பினால் விளிம்பு வரை நீண்ட சிலுவை. எழுநூறு வருடம் இருக்கும். அதே குழியில் இன்னொன்று. இன்னொன்று. ஆறு. முழங்கை ஆழத்தில் விரலுக்கு வளைவாய் ஏதோ தட்டியது. சுட்ட மண். ஒரு பானையின் விளிம்பு.

“கிளெம்! கிளெம்! டேய்!”

கிளெமுக்கு எழுபது வயது. ஓடி வந்தார்.

“ஆடாத பையா, ஆடாத. விளிம்பு உடைஞ்சிரும்.”

“நான் எங்க ஆடறேன்? மண்ணுதான் சரியுது.”

கிளெம் தன் கருவியைக் குழிமேல் நீட்டினார். “கேக்குதா உனக்கு? அது பாய்லர்டா. உள்ள பாய்லர் கிடக்கு!”

ஆறு காசுக்கு ஒரு பாய்லரின் மூடிகூட வராது. பானை நிறைய இருந்தால்தான் மோரினுக்குச் சூடு. மாவட்டத்தின் தொல்பொருள் அதிகாரி இமோஜெனைத் தொலைபேசியில் பிடித்தார்கள்.

“எத்தன காசு?”

“ஆறு, மேடம். ஒரு பானை விளிம்பும் தெரியுது.”

மறுமுனையில் நாற்காலி தள்ளுகிற சத்தம். பிறகு:

“கைய எடுங்க.”

“என்னங்க?”

“குழிலேர்ந்து கைய எடுங்க, மிஸ்டர் கேட்ச்போல். உள்ளதான் இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

எடுத்தார். தாமாகத் தோண்டி எடுத்துக் குலைத்துவிட்டால் பானை சொல்கிற கதை போய்விடும், அதோடு புதையலுக்குக் கிடைக்கிற சன்மானமும் குறையும். நாளை மூன்று மணிக்கு வருகிறேன், மூடி வையுங்கள், அடையாளம் எதுவும் வைக்காதீர்கள், திருடர்கள் மோப்பம் பிடிப்பார்கள் என்றார் இமோஜென்.

திருமதி குடர்ஹாமிடம் சொன்னார்கள்.

“திங்கக்கிழம காலைல ஏழு மணிக்கு விதைக்கிற வண்டி வருது. பானைக்குள்ள சேறு இருந்தா எனக்குச் சேத்துல பாதி. கோதுமைன்னா முழுசும் எனக்கு. வண்டி நிக்காது.”

4

இனி வருவது முன்னெச்சரிக்கை. அவசரப்பட்டால் ஒரு தப்புத்தான் நடக்கும். முன்னெச்சரிக்கை என்றால் ஆளுக்கொன்றாக இரண்டு நடக்கும்.

ராய்ஸ்டன் வேலி இடைவெளியிலிருந்து எத்தனை எட்டு, ஓக் மரத்திலிருந்து எத்தனை எட்டு என்று அளந்து நோட்டில் குறித்தார். குறித்ததும் பயம் பிடித்தது. நோட்டை யாராவது திருடினால்? ஆகவே எண்களை மாற்றி எழுதினார். ஒன்பது வித்தியாசம். தன் சாமர்த்தியத்தை நினைத்து வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

அவர் போன பிறகு, அவரிடம் சொல்லாமல், கிளெம் திரும்பி வந்தார். அவர் வீட்டு அலமாரியில் பாய்லர் வேலையில் மிஞ்சிய ஒரு பெட்டி இருந்தது, இருநூறு வளையம். திருடன் வந்தால் கருவி எங்கு வைத்தாலும் கத்த வேண்டும், வெறுத்துப்போய் ஓட வேண்டும். இரும்பு போட்டால் கருவி இரும்பை ஒதுக்கிவிடும். செம்பு? வெள்ளி மாதிரியே பாடும்! கிளெம் வயலில் பானை கிடந்த பக்கம் முழுக்க நடந்து, தன் தாத்தா பார்லி விதைத்தது போலக் கை நிறைய அள்ளி வீசினார்.

[நானும் இந்தக் கதையில் முன்னெச்சரிக்கை எடுத்திருக்கிறேன். கிளெம் சொன்னது ஓக் மரம் இல்லை. மாதம் அக்டோபர்தான். கோதுமை சந்தேகம்.]

5

ஞாயிறு, மதியம் பன்னிரண்டு. கடிகாரம் பின்னுக்குப் போய் நாட்டுக்கே ஒரு மணி நேரம் இலவசமாகக் கிடைத்திருந்த நாள். மோரினும் வந்தார், கோட்டோடு, தேநீர்க் குடுவையோடு. கருவியின் கடைசி நாளைக் கண்ணால் பார்க்க வந்தாராம்.

“எங்க உன் பானை?”

ராய்ஸ்டன் நோட்டைத் திறந்தார். “எழுபத்தி மூணு. நாப்பத்தி ஒண்ணு. இதுல ஒன்பதக் கூட்டணும்... இல்ல, கழிக்கணும்.”

“கூட்டணுமா, கழிக்கணுமா?”

“ஒண்ணுல கூட்டினேன், ஒண்ணுல கழிச்சேன்னு நினைக்கிறேன். இல்ல ரெண்டுலயும் கூட்டினேனா...”

“உன் நோட்ட நீயே திருடிப் படிக்க முடியாதபடி எழுதியிருக்க.”

[இங்கே கல்யாண நாளை மறந்த கணவன் பற்றி ஒரு நகைச்சுவை எழுதி அடித்துவிட்டேன். அந்தத் தேதி அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.]

“கவலையே படாத,” என்றார் ராய்ஸ்டன். “மொத்தம் நாலு இடம்தான். நாலுலயும் கருவிய வச்சா பானை தானா கத்தும்.”

முதல் இடத்தில் வைத்தார். கத்தியது! தோண்டினார். செம்பு வளையம். ஓரடி தள்ளி. கத்தியது. செம்பு வளையம். இந்தப் பக்கம். வளையம்.

ராய்ஸ்டன் மெதுவாகத் திரும்பினார்.

“கிளெம்.”

“சொல்லு பையா.”

“நேத்து நீ எதாவது பண்ணியா?”

கிளெம் தொப்பியைக் கழற்றினார். சொன்னார்.

“ஒருத்தன் பூட்டினான், ஒருத்தன் சாவியக் குளத்துல போட்டான்,” என்றார் மோரின். “கிளெம், உன் காருல இன்னொரு கருவி இருக்குல்ல? குடு இங்க.”

வாங்கினார். ஐந்தாவது நிமிடம் அவருடைய முதல் வளையம் வந்தது. கேட்ட கூச்சலில் வேலியிலிருந்த புறாக்கள் எழுந்து பறந்தன.

“மோரின், அது செம்பு.”

“தெரியும். ஆனா வந்துச்சுல்ல!”

உருளைக்கிழங்கு பறிப்பது போல அவர் கை ஓடியது. தேநீர்க் குடுவையின் மூடி நிறைந்தது. இருபது. முப்பத்தைந்து. ஒவ்வொன்றுக்கும் கூச்சல். அந்தக் கூச்சல் ராய்ஸ்டனுக்குத் தெரியும். ஆறு மாதமாகத் தன் தொண்டைக்குள்ளேயே அதை அடக்கி வைத்திருந்தவர் அவர். இரண்டரை மணி வாக்கில் மோரின் நிமிர்ந்து, முகம் சிவக்க மூச்சு வாங்கி, கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டினார்.

ராய்ஸ்டன் பார்த்தார். பானையை அரை நிமிடம் மறந்தே போனார்.

6

இப்போது என் நிலைமையைச் சொல்கிறேன். முடிவைத் தேடி நானும் கருவியோடு சுற்றுகிறேன், எங்கு வைத்தாலும் கத்துகிறது. எல்லாம் நானே தூவிய செம்பு.

முடிவு ஒன்று: பானை நிறைய ஆயிரத்து நூறு காசு. வீடு சூடாகிறது. எழுதிப் படித்தேன், பாய்லர் விளம்பரம் மாதிரி இருந்தது.

முடிவு இரண்டு: போன நூற்றாண்டின் ஏதோ ஒரு கலப்பை பானையை உடைத்துவிட்டது, அந்த ஆறு காசுதான் மிச்சம். மோரின் கோட்டை மறுபடி மாட்டிக்கொள்கிறார். இலக்கியப் பரிசு கிடைக்கும் முடிவு. எனக்கு அந்தக் கோட்டை மாட்டிவிட மனசு வரவில்லை.

முடிவு மூன்று: கோட்டைக் கழற்ற வைத்ததே பெரிய புதையல் என்று ராய்ஸ்டன் உணர்கிறார். இதை எழுதிய கையை நானே அடித்தேன். ஜனவரி மாதத்தில் அந்த வீட்டில் உட்கார்ந்து அவர் அதை உணரட்டும் பார்க்கலாம்.

7

இரண்டு ஐம்பது. வயலின் கதவருகே ஒரு சிவப்புக் கார் திரும்புகிறது. இமோஜென்.

நாலாவது இடத்தில் நின்ற மோரின் சட்டென்று கையை உயர்த்தினார்.

“கிளெம், உன் வளையம் எவ்வளவு ஆழத்துல இருக்கும்?”

“ஆழமெல்லாம் இல்ல. தூவுனதுதான், நட்டு வைக்கல.”

“இது அடியிலேர்ந்து கேக்குது.”

ராய்ஸ்டன் ஓடிவந்து காதொலிப்பானை வாங்கி ஒரு காதில் வைத்தார். சைக்கிள் மணி. ஒரே ஒரு தட்டு. தூரத்தில், போர்வைக்குள் இருந்து.

மோரின் ஏற்கெனவே மண்டியிட்டு, மண் கரண்டியை இறக்கி, முழங்கை வரை உள்ளே போயிருந்தார்.

“கைய எடு, மோரின். அந்தம்மா வந்துட்டாங்க. கைய எடு!”

“ராய்ஸ்டன்.” குரல் மாறியிருந்தது. “விரல்ல என்னமோ தட்டுது.”

கார்க் கதவு சாத்துகிற சத்தம்.

இந்த இடத்தில்தான் கிளெம் ரொட்டியை முடித்தார். கையைத் துடைத்தார். டிக்கியைச் சாத்தினார்.

“தட்டினது என்ன?” என்று கத்தினேன். “அவங்க வீட்டுல பாய்லர் மாட்டினீங்களா இல்லையா?”

“ஜாடிதான் ஒரு பவுண்டு,” என்றார். “பாய்லர் மாட்ட வேற ரேட்டு.”

வீட்டுக்கு வந்து ஜாடியைக் கவிழ்த்து எண்ணினேன். வண்டி வருவதற்குள் ஒரு வளையம் விடாமல் பொறுக்கியாக வேண்டும் என்று திருமதி குடர்ஹாம் பிடிவாதமாய் நின்றதால், எல்லாவற்றையும் பொறுக்கியதாகக் கிளெம் சொல்லியிருந்தார். பெட்டியில் இருநூறு. ஜாடியில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது. மறுபடி எண்ணினேன். நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

அன்று மதியம் மூன்று பேர் தோண்டிய குழிகளில் ஏதோ ஒன்றுக்குள் குறைகிற அந்த ஒரு வளையம் உருண்டு விழுந்து, முழங்கை ஆழத்தில் கிடந்திருக்கலாம். அல்லது அது வேறெங்கோ தொலைந்துபோயிருக்க, மோரினின் விரலுக்கு வளைவாய்ச் சுட்ட மண் தட்டியிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் எனக்கு அனுமதி இல்லை. விளிம்பு தட்டுப்பட்டால் நிறுத்து என்பதுதான் விதி.

வேலியில் கோட்டு தொங்குகிறது. இமோஜென் அறுப்புத் தாள்களை மிதித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருகிறார். குழி திறந்தே இருக்கிறது.

நான் கையை எடுத்துவிட்டேன். இப்போது உள்ளே இருப்பது உங்கள் கை.