உள்ளே செவ்வாய்க்கிழமை

பூவிழி வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்கு ஒரு நாற்காலியும் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு கம்ப்யூட்டரும் கொடுத்தார்கள். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தது.

அதை விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். வெளியே இருக்கும் கம்ப்யூட்டர் தன் இடத்தில் கொஞ்சத்தை ஒதுக்கி, நீயும் ஒரு முழுக் கம்ப்யூட்டர்தான் என்று உள்ளே இருப்பதை நம்பவைக்கும். உள்ளே இருப்பதும் நம்பிவிடும். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு மென்பொருளாகத் தேடி ஏற்றிக்கொண்டிருந்தால் ஒரு வாரம் வீணாகும் என்பதால், எல்லாவற்றையும் ஏற்றி முடித்த ஒரு மெஷினைக் கன்னியப்பன் என்பவர் செய்துவைத்திருந்தார். அதை ஒரே கோப்பாக நகலெடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நகல் முடிய நாற்பது நிமிடம். நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் வேலையைத் தொடங்கலாம். ஆபீசில் அதற்கு ரெடிமேட் என்று பெயர்.

"தொறந்தா போதும்மா, நீ ஒண்ணும் பண்ண வேணாம்" என்றார் செல்வகுமார். அவர்தான் குழுத் தலைவர். "தேதிய மட்டும் தொடாத."

பூவிழி மூலையில் இருந்த தேதியைப் பார்த்தாள். வெளியே ஜூன் மாதம், திங்கட்கிழமை. உள்ளே போன வருடத்து மார்ச் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை.

"சார், உள்ள செவ்வாக்கெழமன்னு காட்டுது."

"ஆமா. உள்ள எப்பவும் செவ்வாதான்."

காரணம் எளிமையானது. ரிப்போர்ட் எடுக்கும் மென்பொருள் ஒன்றைக் கன்னியப்பன் முப்பது நாள் இலவசச் சோதனைக்காக ஏற்றியிருந்தார். முப்பதாவது நாள் வந்தால் அது நின்றுவிடும். எனவே முப்பதாவது நாள் வராமல் பார்த்துக்கொண்டார். மெஷினை எப்போது திறந்தாலும் மணி சரியாக இருக்கும், தேதி மட்டும் மார்ச் பன்னிரண்டுக்குத் திரும்பிவிடும். அப்படி ஒரு வரியை எழுதிவைத்துவிட்டு அவர் கனடாவுக்குப் போய்விட்டார். ஆபீசில் பதினேழு பேர் அவர் விட்டுப்போன செவ்வாய்க்கிழமையில் வேலை பார்த்தார்கள். நல்ல காரியம் எதையும் செவ்வாயில் தொடங்காத குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்தான் அவர்களில் பலர்.

நாளடைவில் பூவிழிக்கும் பழகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே காமராஜர் சாலையில் தீபாவளிக் கூட்டம் போனது, புயல் எச்சரிக்கை வந்தது, எச்சரிக்கை விலகியது. உள்ளே செவ்வாய். சில மதியங்களில் அவளுக்கு அது ஒரு சிறிய தீவு போலத் தோன்றும். அங்கே யாருக்கும் வயதாவதில்லை, யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை.

கம்பெனி செய்தது ஒரே ஒரு மென்பொருள். தொழிற்சாலை வாசலில் அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும். யார் வந்தார் என்று பதிவாகும். அதையும் ரெடிமேடாகவே கொடுத்தார்கள். மெஷினை அப்படியே நகலெடுத்து வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. "சமைச்சு டிபன்ல கட்டிக் குடுக்கறோம், அவங்க மூடியத் தொறந்தா போதும்" என்பார் முதலாளி சக்கரபாணி. அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்த சொல்தா. அதனால் ஆபீசில் எல்லோரும் அவரை முதுகுக்குப் பின்னால் பிரெஞ்சு மொழியில் முசே என்றார்கள், நேரில் சார் என்றார்கள்.

முசேயின் விதி ஒன்று உண்டு. புதியவர்களுக்கு ஆறு மாதச் சோதனைக் காலம். அது முடிவதற்குள் ஒரு தொழிற்சாலையில் மென்பொருளை வைத்து, ஒப்புதல் படிவத்தில் அவர்களிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். வாங்கினால் நிரந்தரம். வாங்காவிட்டால் வணக்கம். பூவிழிக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த முகிலன் கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தவர். தண்ணீர் பாட்டில் அவருடையது.

பூவிழிக்குச் சேதராப்பட்டில் பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலை கிடைத்தது. ஆறு மாதம் முடிய மூன்று நாள் இருந்தது.

"இன்னாடி, பர்மனென்ட்டு ஆயிட்டியா இல்லியா?" என்று கேட்டாள் அவள் அம்மா துர்கா. அவள் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவள். மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று ஆகஸ்டு மாதமே மார்க்கெட் முழுக்கச் சொல்லியிருந்தாள்.

"நாளைக்கு கையெழுத்து வாங்கிட்டா ஆயிடுவேன்."

"நாளைக்கு வியாழந்தான? போ, நல்ல நாளுதான். செவ்வா வெறுவாய்ம்பாங்க."



புதன்கிழமையே பூவிழி சேதராப்பட்டுக்குப் போய் மெஷினை வைத்துவிட்டு வந்திருந்தாள். நூற்று முப்பத்தெட்டுப் பெயர்களை ஏற்றினாள். ஒரு அட்டையைக் காட்டிப் பார்த்தாள், கதவு திறந்தது. கடைசியாக வார விடுமுறை எது என்று கேட்டாள். ஆபீசில் சோதித்தபோதெல்லாம் அந்தக் கட்டத்தில் ஞாயிறுதான் இருந்தது. இந்தத் தொழிற்சாலையில் ஞாயிறு இல்லை. ஒரு காலத்தில் மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்வதற்காக ஆளுக்கொரு நாள் என்று பிரித்துக்கொண்டார்களாம். பிறகு மின்சாரம் வந்துவிட்டது, நாள் மட்டும் மாறவில்லை.

"எங்களுக்கு செவ்வாக்கெழமம்மா" என்றார் பணியாளர் அதிகாரி ஆதிமூலம்.

பூவிழி செவ்வாய் என்று பதிந்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அப்போது அவளுக்கு எதுவுமே தோன்றவில்லை. இதை அவள் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் போனபோது நூற்று முப்பத்தெட்டுப் பேரும் கதவுக்கு வெளியே நின்றிருந்தார்கள். முன்னால் நின்ற கலையரசி அட்டையைக் காட்டினாள். திரையில் எழுத்து வந்தது: இன்று வார விடுமுறை. நன்றி.

"இன்னாக்கா போட்டிருக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"லீவாம்."

"யாரு வுட்டா?"

"மிஷினு வுட்டுது. நன்றி வேற சொல்லுதுடா. பதினெட்டு வருசமா இங்க வரேன், ஒருத்தன் நன்றின்னு சொன்னதில்ல."

வரிசையின் கடைசியில் இருந்த ஏழெட்டுப் பேர் மரியாதையாகத் திரும்பி பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். ஆதிமூலம் கதவுக்கு உள்ளேயிருந்து கத்தினார்.

"யாரும் போவாதீங்க! லீவுல்லாம் கெடையாது!"

"எழுத்துல காட்டுது சார். நீங்க வாயில சொல்றீங்க" என்றாள் கலையரசி.

ஆதிமூலம் பூவிழியைப் பார்த்தார். பூவிழி போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். செல்வகுமார் முழுவதையும் கேட்டார்.

"சரி. ஒருநாள் தள்ளு. மார்ச்சு பதிமூணு, புதன் வெய்யி. தொறந்துடும்."

"நெஜமான தேதியவே வெச்சிடலாமே சார்?"

"வெச்சா ரிப்போர்ட்டு செத்துடும். ரிப்போர்ட்டு இல்லாம எவன் கையெழுத்து போடுவான்? புதன் வெச்சு, கையெழுத்து வாங்கினு பஸ்ஸ புடி. மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்."

பூவிழி அந்த ஒரு வரியைத் திருத்தினாள். மெஷினை அணைத்துத் திறந்தாள். கதவு திறந்தது. எல்லோரும் கொஞ்சம் ஏமாற்றத்துடன் உள்ளே போனார்கள். பஸ் நிறுத்தம் வரை போனவர்களும் திரும்பி வந்தார்கள். திரையில் நூற்று முப்பத்தெட்டுப் பெயர்களும் பச்சையாயின. ரிப்போர்ட் பொத்தானை அழுத்தினால் அழகான பக்கம் ஒன்று வந்தது.

ஆதிமூலத்துக்கு ரொம்பத் திருப்தி. மேசையிலிருந்த தடித்த வருகைப் பதிவேட்டைத் தட்டினார். "இது இன்னையோட சரி. நாளையிலேருந்து மிஷினுதான். மாசக் கடைசில இதப் பாத்துதான் சம்பளம். படிவத்த எடும்மா."

பூவிழி படிவத்தை எடுத்தாள். அவர் பேனாவைத் திறந்தார். நாளைக் காலை மெஷினைத் திறக்கும்போது மறுபடி இதே புதன்கிழமை வரும் என்பது அவளுக்குத் தெரியும். இன்று வந்தவர்கள் எல்லோரும் நாளை வருவதற்கு முன்பே வந்துவிட்டிருப்பார்கள். நாளை மறுநாளும். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் நூற்று முப்பத்தெட்டுப் பேரும் தலா ஒரு நாள் வேலை செய்திருப்பார்கள். அவ்வளவு வரைக்கும் மெஷின் சரியாகவே சொல்லும்.

"சார், ஒரு நிமிசம்."

அவள் சொன்னாள். நினைத்ததைவிடச் சீக்கிரம் சொல்லி முடித்துவிட்டாள். ஆதிமூலம் பேனாவை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப இந்த மிஷினுக்கு நாளைக்குன்னு ஒண்ணு கெடையாதா?"

"கெடையாது சார்."

"இத கையெழுத்து வாங்கினப்புறம் சொல்லியிருக்கலாமே நீ."

"சொல்லியிருக்கலாம் சார்."

அவர் பேனாவை மேசையில் வைத்தார். "நெஜ தேதிய வைம்மா. பாப்போம்."

அவள் கன்னியப்பனின் வரியை முழுவதும் நீக்கினாள். மெஷின் ஒரே மூச்சில் இருபது மாதத்தைக் கடந்து வியாழக்கிழமைக்கு வந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. கதவு திறந்தது. ரிப்போர்ட் பொத்தானை அழுத்தியபோது நடுவில் ஒரு சிறு பெட்டி வந்தது: உங்கள் சோதனைக் காலம் முடிந்துவிட்டது. அது தனக்கு வந்த செய்தி என்றே பூவிழி ஒரு கணம் எடுத்துக்கொண்டாள்.

ஆதிமூலம் படிவத்தை இழுத்து, குறிப்பு என்ற இடத்தில் நிதானமாக எழுதினார்: கதவு திறக்கிறது. ரிப்போர்ட் இல்லை. நோட்டு தொடரும். கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

மதியம் ஆபீசில் சக்கரபாணி அந்தப் படிவத்தை இரண்டு முறை படித்தார். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது அப்ரூவலா, கம்ப்ளெயின்ட்டா?"

"கையெழுத்து இருக்குது சார்" என்றார் செல்வகுமார், தன் செருப்பைப் பார்த்தபடி.

"சார், இதே மிஷின எத்தன பேருக்கு குடுத்திருக்கோம்?" என்று கேட்டாள் பூவிழி.

"பதினொரு கம்பெனி. ஒருத்தன் ஒரு கம்ப்ளெயின்ட் சொன்னதில்ல" என்று சக்கரபாணி பெருமையாகத் தொடங்கினார். வாக்கியத்தின் பாதியிலேயே அவர் முகம் மாறிவிட்டது. அந்தப் பதினொரு தொழிற்சாலைகளுக்கும் வார விடுமுறை ஞாயிறு. அங்கெல்லாம் கதவு திறந்துகொண்டே இருந்திருக்கிறது, தேதி மட்டும் நகரவில்லை.

"யாராவது போன் பண்ணி சொல்லணும்" என்றார் கடைசியில்.

பதினேழு பேரும் தங்கள் தங்கள் செவ்வாய்க்கிழமைக்குள் குனிந்துகொண்டார்கள். செல்வகுமார் தனக்குத் தொண்டை கட்டியிருப்பதாகச் சொன்னார்.

"நான் பண்றேன் சார்" என்றாள் பூவிழி.

"நீ பண்ண முடியாதும்மா. ப்ரொபேஷன்ல இருக்கறவங்க கம்பெனி சார்பா தப்ப ஒத்துக்க கூடாது. ரூல் இருக்கு. பர்மனென்ட் ஸ்டாஃபுக்குத்தான் அந்த அதிகாரம்."

அவர் அந்த விதியைத் தானே எழுதியவர் என்பதால் அதை மீறுவதற்கு வழி தெரியாமல் அறைக்குள் கொஞ்ச நேரம் நடந்தார். பிறகு பிரிண்டர் பக்கம் போனார். நியமன உறுதிக் கடிதம் நான்கு நிமிடத்தில் வெளியே வந்தது. பூவிழியின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைப் பேனாவால் சேர்த்துக் கொடுத்தார்.

அவள் படிக்கட்டில் நின்று அம்மாவைக் கூப்பிட்டாள்.

"பர்மனென்ட்டு ஆயிட்டேம்மா."

"அதான் ஆகஸ்டுலயே ஆயிட்டியே. இன்னா குடுத்தாங்க?"

"பதினோரு போன் நம்பரு."

"சரி, வெய்யி. ஆளு வந்துட்டாங்க" என்று துர்கா வைத்துவிட்டாள்.

பட்டியலில் முதலில் இருந்தது ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் மேட்டுப்பாளையத்தில் குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலை. தெய்வநாயகம் என்பவர் எடுத்தார். பூவிழி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, மெஷினில் ஒரு தவறு இருக்கிறது என்றாள்.

"தப்பா? ஒண்ணும் இல்லியேம்மா. சூப்பரா போவுது. பதினாலு மாசமா ஒருத்தன் லீவு போடல."

"அதான் சார் தப்பு."

"போன மாசம் ரிட்டயர்டு ஆனவரு கூட டாண்ணு வந்துடறாரு."

"அவரு வரல சார்."

"தெரியும்மா. நாந்தான் மாலை போட்டு அனுப்பி வெச்சேன். மிஷின்ல வராரு."

அவர் தொடர்ந்தார். "சம்பளத்துக்கு நாங்க தனியா நோட்டு எழுதறோம். மிஷினு முதலாளி பாக்கறதுக்கு. பெங்களூர்லேருந்து தெனம் காலையில பாக்கறாரு. எல்லாம் பச்சையா இருக்கும். முன்னல்லாம் எத்தினி கேள்வி கேப்பாரு தெரியுமா? இப்ப மனுசன் நிம்மதியா இருக்காரு. நானும் நிம்மதியா இருக்கேன். நீ இன்னாத்துக்கு நடுவுல வர?"

"நாளைக்கு காலையில வந்து சரி பண்ணிடறேன் சார்."

"நாளைக்கு வேணாம்."

"அப்ப என்னிக்கு வரட்டும்?"

போனில், அவருக்குப் பின்னால் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் ஓசை கேட்டது.

"எனக்கு ஏப்ரல்ல ரிட்டயர்டு. மே மாசம் வாம்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

பூவிழி நன்றி சொன்னாள். பட்டியலில் மேட்டுப்பாளையத்துக்கு நேராக, நாளை, காலை ஏழு மணி என்று எழுதினாள். பிறகு இரண்டாவது எண்ணை அழுத்தினாள்.