ஜாடியில் விட்ட சொட்டு

இன்னும் ஒரே ஒரு விமானம் தாமதமானாலும் பணி நிரந்தரம் கிடையாது, வீட்டுக்குப் போகலாம் என்று மேற்பார்வையாளர் நேற்றே அவளிடம் கறாராகச் சொல்லிவிட்டார். விமானத்துக்கு எரிபொருள் நிரப்பும் வேலையில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘ஆமை’. வைத்தது வேறு யாருமில்லை, எரிபொருள் லாரி ஓட்டும் அவளுடைய சொந்த அண்ணன்தான். சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவன் அவன். ஆகவே கேலி செய்யும் உரிமையும் தனக்கே என்பது அவன் கட்சி.

பெருமழை ஓய்ந்த காலை. பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்ப ஒரு சின்ன விமானம் நின்றிருந்தது. தீப்பொறிக்கு இடம் கொடுக்காமல் லாரியையும் விமானத்தையும் கம்பியால் இணைத்தாள். அண்ணன் லாரித் தொட்டியின் அடியிலிருந்து ஒரு ஜாடி பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினான். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தங்கிக் கோடு கட்டும். கோடே இல்லை.

“கண்ணாடி மாதிரி இருக்கு. குழாயை மாட்டு, ஆமை!”

அவள் ஜாடியை வாங்கிப் பார்த்தாள். ரொம்பத்தான் சுத்தமாக இருந்தது. இந்த லாரியில் எப்போதும் லேசாக ஒரு மஞ்சள் ஓடுமே, அது எங்கே?

“ஒரு நிமிஷம், அண்ணா.”

“உன் ஒரு நிமிஷத்துல என் மானம் போகுது. சார் கடிகாரத்தையே பாத்துட்டு நிக்கிறாரு.”

அவளுக்கு வேலை போய்விடுமே என்று பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஜாடிக்குள் ஒரு சொட்டு விட்டாள். எரிபொருளாக இருந்தால் சொட்டு முத்தாக உருண்டு அடியில் போய் உட்கார வேண்டும். இதுவோ விழுந்த சுவடே இல்லாமல் கலந்துவிட்டது.

அப்புறம் கோடு எங்கிருந்து வரும்? ஜாடி முழுக்கத் தண்ணீர்.

அண்ணனுக்கு முகம் வெளிறிப்போனது. லாரி மேல் ஏறிப் பார்த்தான். தொட்டி மூடியின் ரப்பர் கிழிந்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. மேற்பார்வையாளர் விறுவிறுவென்று வந்தார்.

“என்ன, இன்னிக்கும் தாமதமா?”

அவள் வாய் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். “ஆமா சார், என்னாலதான். நான் பாத்துட்டு சரின்னுட்டேன். தங்கச்சிதான் நிறுத்துனா.”

அவர் ஜாடியை வாங்கினார். தானும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். அதுவும் கலந்து மறைந்தது.

“வேற லாரியை வரச் சொல்லுங்க,” என்றவர் அவள் பக்கம் திரும்பினார். “நாளையிலிருந்து எந்த லாரியா இருந்தாலும் ஜாடியை நீ பாத்த பிறகுதான் குழாய்.”

நாளையிலிருந்து என்றாரே! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த லாரி வந்ததும் அண்ணன் புது ஜாடியோடு அவளிடம் வந்து கை நீட்டினான்.

“அந்த பாட்டிலைக் குடு, ஆமை. நானும் ஒரு சொட்டு விட்டுப் பாக்குறேன்.”

சொட்டு உருண்டு அடியில் போய் உட்கார்ந்தது. நாற்பது நிமிடம் தாமதமாக, பன்னிரண்டு பேரோடும் விமானம் மேலே எழும்பியது.