எட்டாவது கேள்வி

பெற்றவர்களோடு இருக்க முடியாத குழந்தைகளைக் கொஞ்ச காலம் வேறொரு குடும்பம் வளர்க்கும். அந்தக் குடும்பங்களை மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து, துணையாக நிற்க வேண்டிய மேற்பார்வையாளர்களுக்குப் பாடம் நடத்துவது என் வேலை. பதினாறு வருடமாக நடத்துகிறேன். தொண்டைதான் தேய்ந்திருக்கிறது.

வீட்டுக்குப் போகும்போது நிரப்ப ஒரு படிவம் உண்டு. இருபது கேள்வியும் நான் எழுதியவை. எட்டாவது கேள்வி: 'குழந்தை வளர்ப்புத் தாயை அம்மா என்று அழைக்கிறதா?' ஆம் என்றால் ஐந்து மதிப்பெண் போச்சு. முன்பு ஒரு பையன் பெற்றவளோடு திரும்பிப் போக மாட்டேன் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினான். அவள் வாசலில் நின்று பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு எழுதிய கேள்வி அது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"முதல்ல திருத்துங்க. திருந்தலன்னா வீட்டை மாத்துங்க. இதுல விதிவிலக்கே கிடையாது," என்பேன்.

இந்த வருட வகுப்பில் நான் தும்மினால்கூடக் குறித்துக்கொள்ளும் ஒரு பெண் இருந்தாள். எல்லோரும் அவளை முதல் பெஞ்ச் என்றே கூப்பிட்டார்கள். வேலையில் சேர்ந்த மூன்றாவது மாதம் என் மேஜைக்கு வந்தாள்.

"மேடம், தையல்காரம்மா வீட்டுக் குழந்தையை வேற வீட்டுக்கு மாத்தச் சொல்லி எழுதிட்டேன். ரெண்டு தடவ சொல்லியும் அம்மான்னுதான் கூப்பிடுது."

கோப்பைப் புரட்டினேன். ஐந்து வயதுப் பெண். இரண்டு வருடமாக அதே வீடு. பெற்றவள் போன வருடமே இறந்துவிட்டாள். வேறு சொந்தம் யாருமில்லை.

"திரும்பிப் போக ஆளே இல்லையேம்மா. அப்புறம் யாருக்காக இந்த ஜாக்கிரதை?"

"படிவத்துல அந்தக் கேள்வி இல்லையே மேடம்."

கிண்டலாகச் சொல்லவில்லை, பாவம். நோட்டையும் பிரித்துக் காட்டினாள். என் வாக்கியம், சிவப்பு மையில், அடிக்கோட்டோடு இருந்தது. அவளைத் திட்ட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டேன்.

மேலதிகாரியிடம் ஓடினேன். "விதிவிலக்கே கூடாதுன்னு என்கிட்டயே சண்டை போட்டவங்க நீங்க. இப்ப எந்த முகத்தோட கேக்குறீங்க?" என்றார். அவர் கையெழுத்துப் போட்டாயிற்று. திங்கட்கிழமை குழந்தையை மாற்ற வேண்டும்.

வியாழக்கிழமை தையல்காரம்மா குழந்தையைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். அவசரத்தில் அளவு நாடா கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"இனிமே அப்படிக் கூப்பிட மாட்டா மேடம். நீங்களே பாருங்க." குழந்தையிடம் குனிந்தாள். "நான் யாரு, சொல்லு."

"அத்தை," என்றது குழந்தை. சரியாகச் சொல்லிவிட்டோமா என்று அவள் முகத்தையே பார்த்தது.

"எப்படிப் பழக்குனீங்க?"

"அம்மான்னு கூப்பிட்டா திரும்பாதீங்க, மேடம் வகுப்புல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்கன்னு வீட்டுக்கு வந்து பாக்குற அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நாலு நாள் திரும்பல. வீடு பூரா அம்மா அம்மான்னு பின்னாடியே வந்தா. அத்தைன்னு சொன்னப்புறம்தான் திரும்பி, தூக்குனேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இப்ப விட்டுருவீங்கல்ல?"

வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நானே புதுப் படிவம் எடுத்து நிரப்பி மேலே கொண்டுபோனேன். உத்தரவு போய்விட்டது, அங்கே புதுக் குடும்பம் கட்டில்கூட வாங்கிவிட்டது என்றார் மேலதிகாரி. திங்கட்கிழமை குழந்தையை மாற்றினார்கள்.

அடுத்த அணிக்கு வகுப்பு தொடங்கியபோது, தன் முதல் அனுபவத்தைச் சொல்ல முதல் பெஞ்ச் வந்திருந்தாள். மேலதிகாரி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"புது வீட்டுல குழந்தை யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடறதில்ல. தண்ணிகூடக் கேக்கறதில்ல, தானே எடுத்துக் குடிச்சுக்குது. எட்டாவது கேள்விக்கு முழு மார்க்," என்றாள்.

புதிதாக வந்தவர்களில் ஒருத்தி கையைத் தூக்கினாள். "மேடம், இது நல்ல அறிகுறிதானே?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பதினாறு வருடம் நடத்தியது தப்பு என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். மேலதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா," என்றேன். "குறிச்சுக்கோங்க."