கழுவியும் போகாத நீலம்

நாடகங்களுக்குத் திரை வரைகிறவள் மத்தியான வெளிச்சத்தில் அரைத்தூக்கமாய்க் கிடந்தாள். அவள் வரைந்த கடல் மெல்லக் கட்டில்வரை ஏறி வந்தது. விழித்தபோது முழங்கைக்குக் கீழே நீலத் திட்டுகள். பெயின்ட் என்று சோப்புப் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை, புதிதாய் இன்னொன்று பூத்தது. அழகாய்த்தான் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

துண்டோடு வந்த கணவன் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். "இது பெயின்ட் இல்லம்மா, ரத்தக்கட்டு. கிளம்பு."

ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்த டாக்டரம்மா கேட்டார்: "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்களே, புதுசா வேற எதுவும் சேர்ந்துதா?"

"கொழுப்புக்கு ஒண்ணு, வேற டாக்டர் குடுத்தார். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அது வந்ததும் பழைய மாத்திரைக்குக் கொம்பு முளைச்சிடுச்சு. ரத்தம் ரொம்ப இளகிப்போச்சு. கொழுப்பு மாத்திரை இருக்கட்டும். பழையதோட அளவைக் குறைச்சுக்கலாம். அடுத்த வாரம் மறுபடி பார்ப்போம்."

திரும்பும்போது பஸ்ஸில் அவன் அவள் கையை முட்டையைப்போல் ஏந்திக்கொண்டான்.

"பயந்துட்டியா?"

"நானா? நீங்கதான் வேர்த்து ஊத்தறீங்க" என்று அவன் தோளில் சாய்ந்தாள்.

அடுத்த சோதனை சரியாக வந்தது. திட்டுகள் பச்சையாகி, மஞ்சளாகி, தோலுக்குள்ளேயே கரைந்துபோயின.