இருநூற்று ஐம்பது கிராமுக்குக் கீழே

1.

இந்தக் கதை ஓர் அரசாங்க அறிவிப்பிலிருந்து வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதை எங்கிருந்தோ வந்து தன்னை எழுதவைத்ததாக எழுத்தாளர்கள் மேடையில் சொல்வார்கள். எனக்கு ஒன்பது பக்கக் கோப்பாகக் கைபேசியில் வந்தது. அனுப்பியவள் என் தங்கை. கீழே ஒரு வரி: “அக்கா, ஏழாம் பக்கம் படி.”

ஏழாம் பக்கத்தின் சாரம் இது. பொழுதுபோக்குக்கு ட்ரோன் பறக்கவிடுகிறவர்கள் எல்லோரும் ஒன்றாம் தேதிக்குள் பதிவு செய்ய வேண்டும். ட்ரோனில் ஓர் அடையாளக் கருவி பொருத்த வேண்டும். பறக்கும் நேரம் முழுவதும் அந்தக் கருவி பதிவு எண்ணையும், ட்ரோன் இருக்கும் இடத்தையும், அதை இயக்குகிறவர் நிற்கும் இடத்தையும் அறிவித்துக்கொண்டே இருக்கும். இலவசச் செயலி ஒன்றில் அதை யார் வேண்டுமானாலும் வரைபடத்தில் பார்க்கலாம். எண்ணைத் தொட்டால் பெயரும் வரும்.

யார் வேண்டுமானாலும் என்றால், என் தங்கை விட்டுவிட்டு வந்த கணவனும்தான். அவனும் ட்ரோன்காரன். பறக்கவிடுகிறவர்களின் சங்கத்தில்தான் இருவரும் அறிமுகமானார்கள். அவள் அவனை விட்டு வந்து இரண்டு வருடமாகிறது. அவன் அவளை இன்னும் விடவில்லை. புகார் கொடுத்தோம். ரசீது கிடைத்தது.

2.

தொடக்கத்தை நான்கு முறை எழுதினேன்.

“மேகமில்லாத வானத்தில் ஒரு சின்னக் கரும்புள்ளி, சிறகில்லாத பறவையைப் போல” (வேண்டாம். அதற்குச் சிறகு உண்டு. நான்கு. பிளாஸ்டிக்.)

“சுதந்திரம் என்பது” (இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்கமாட்டேன்.)

“அவள் அழுதுகொண்டே அந்தக் காகிதத்தை” (அவள் அழவில்லை. அழுதது நான். அதைப் பாத்திரத்தின் தலையில் கட்டப் பார்த்தேன்.)

நான்காவதை நீங்கள் படித்துவிட்டீர்கள்.

தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல் செய்யும் கூடத்தில் வேலை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து, உடைந்த பல்லின்மேல் மாட்டும் தொப்பிப் பல்லும் கட்டுப்பல்லும் செய்கிறவள். அரை மில்லிமீட்டர் தடித்தாலும் கடிக்கும்போது இடிக்கும் என்பதால் ராவிக்கொண்டே இருப்பாள். அவள் மேசையில் நூற்றில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு ஒன்று உண்டு. விடுமுறை நாட்களில், தானே சேர்த்துக் கட்டிய ட்ரோனை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய்விடுவாள். கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு, ட்ரோனின் கேமரா பார்ப்பதைத் தானும் பார்ப்பாள். வீட்டில் இவளுக்குக் கொசு என்று பெயர். பெயரை வைத்த அம்மாவுக்கே இப்போது அந்த ரீங்காரம் பிடிக்காது.

ஏழாம் பக்கத்தைப் படித்துவிட்டு அம்மா நியாயமான கேள்விதான் கேட்டாள். பறக்கவிடாமல் இருந்தால் என்ன குறைந்துபோகும், வம்பை விலைகொடுத்து வாங்குவானேன் என்றாள். நானும் அதையேதான் நினைத்தேன், சொல்லவில்லை.

கொசு சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னாள். “வேலையை மாத்தினேன். வீட்ட மாத்தினேன், ரெண்டு தடவ. நம்பர மாத்தினேன். சினேகிதிங்க கல்யாணத்துக்கும் போறதில்ல. இதையும் அவனுக்காக விடணுமாம்மா? அப்புறம் எங்கிட்ட என்ன இருக்கு?”

அம்மா கழுவிய தட்டை வாங்கித் துடைத்து வைத்தாள்.

3.

சட்டத்தைத் திட்டி ஒன்றரைப் பக்கம் எழுதிவைத்திருந்தேன். கொசுவே அதை அடித்துவிட்டாள். ஆஸ்பத்திரி ஹெலிகாப்டர் இறங்கும் இடத்துக்கு மேலே எவனோ ட்ரோனை விட்டு வேடிக்கை பார்த்த செய்தி அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்டவனைப் பிடிக்கத்தானே வேண்டும் என்றாள். விதியை எழுதியவர்கள் பறக்கவிடுகிறவன் யார் என்று யோசித்தார்கள். பார்க்கிறவன் யார் என்று யோசிக்கவில்லை. ஒன்றரைப் பக்கத்தில் மிஞ்சியது இந்த இரண்டு வாக்கியம்தான்.

எட்டாம் பக்கத்தில் ஒரு சந்து இருந்தது. இருநூற்று ஐம்பது கிராமுக்குக் குறைவான ட்ரோனுக்குக் கருவி வேண்டாம், பதிவும் வேண்டாம். அதே தேதிக்குள் அலுவலகத்தில் எடை காட்டி, விலக்கு வில்லை ஒன்றை ஒட்டிக்கொண்டு வந்தால் போதும்.

கொசுவின் ட்ரோன் இருநூற்று எழுபத்தொரு கிராம்.

மூன்று வாரம் அவள் அதை ராவினாள். திருகாணிகளை நீளம் குறைத்தாள். கம்பிகளை எவ்வளவு தூரம் போக வேண்டுமோ அவ்வளவுக்கு மட்டும் வெட்டினாள். சட்டத்தின்* நடுவே துளைகள் போட்டாள். சின்ன மின்கலம் மாட்டினாள். பறக்கும் நேரம் பாதியாகிவிட்டது. கடைசியில் தராசில் 249.40.

(* ட்ரோனின் எலும்புக்கூட்டுக்கும் சட்டம் என்றுதான் பெயர். மற்ற சட்டத்தில் துளை போட்டதாக யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.)

4.

அலுவலகத்துக்கு நானும் போனேன். எடை பார்க்கும் அதிகாரியைப் பாத்திரமாக நான் நம்பவே இல்லை. முதல் எழுத்துப்படியில் அவருக்கு மீசை வைத்து, லஞ்சம் கேட்கவைத்தேன். இரண்டாவதில் கருணைக் கடலாக்கினேன். உண்மையில் அவர் மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்த, தலைவலியோடு இருந்த ஒரு மனிதர்.

ட்ரோனை வைத்தார். 249.4. எனக்கு உயிர் வந்தது. பிறகு இழுப்பறையிலிருந்து வில்லையை எடுத்தார். அலுமினியத் தகடு, முத்திரை, வரிசை எண். ட்ரோனின் வயிற்றில் ஒட்டி, மறுபடி வைத்தார்.

250.7.

ஆயிரம் பல்லுக்குப் பூச்சு ஏற்றி எடை பார்த்த என் தங்கை, எடையே இல்லை என்று சான்று சொல்லும் வில்லைக்கும் எடை உண்டு என்பதை மறந்துபோயிருந்தாள். அவள் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

வில்லையின் ஓரத்தை வெட்டலாமா என்று கேட்டேன். சேதமான வில்லை செல்லாது என்றார். இன்னொரு நாள் வரலாமா என்றேன். நாளை மறுநாள் ஒன்றாம் தேதி, இடையில் விடுமுறை என்றார். கொசு எங்கள் பேச்சைக் கேட்கவே இல்லை. ட்ரோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் கையை நீட்டினாள்.

“அக்கா, நகவெட்டி வச்சிருக்கியா?”

கைப்பையில் இருந்தது. கொடுத்தேன். தரையில் இறங்கும்போது ஊன்றிக்கொள்ள அந்த ட்ரோனுக்கு நான்கு மெல்லிய கால்கள். ஒன்றை நறுக்கினாள். 250.4. இரண்டாவது. 250.1. இலக்கம் ஆடிக்கொண்டே இருந்தது. அதிகாரி எழுந்துபோய்த் தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தார். அவர் செய்த உதவி அவ்வளவுதான். அதற்குமேல் கேட்கவும் எங்களுக்கு உரிமையில்லை. மூன்றாவது கால். 249.8. ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நான்காவதையும் நறுக்கினாள்.

“காலெல்லாம் போச்சே. இறங்குறப்ப எப்படிம்மா நிக்கும்?” என்றார்.

“கையில பிடிச்சுக்குவேன் சார்.”

கையெழுத்துப் போட்டார். எங்கள் மூன்று பேருக்கும் வியர்த்திருந்தது.

5.

முதல் பகுதியில் ஒரு பொய் சொன்னேன். இந்தக் கதை அறிவிப்பிலிருந்து வரவில்லை, என் தப்பிலிருந்து வந்தது.

கொசு முதலில் குடிபோன வீட்டின் சமையலறை ஜன்னலைப் பற்றி ஒரு வார இதழில் எழுதினேன். ஊரைச் சொல்லவில்லை, அவளைச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே நீலத் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் ஓர் எழுத்து உதிர்ந்த தையல்கடைப் பலகை என்று மட்டும் எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்று நான்கு பேர் பாராட்டினார்கள். ஐந்தாவது வாசகன் ஒன்பதாம் நாள் அவள் வாசலில் பழப்பையோடு நின்றான்.

இரண்டாவது வீட்டு மாற்றம் அதனால்தான். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

6.

இப்போது முடிவு.

(அ) அவள் பறக்கவிடும் மைதானத்துக்கு அவன் வந்துவிடுகிறான். கூட்டம் கூடுகிறது. யாரோ ஒருவர் அவன் சட்டையைப் பிடிக்கிறார். நான் பார்த்த வரையில் யாரும் யார் சட்டையையும் அப்படிப் பிடித்ததில்லை.

(ஆ) நான் எழுதிய மனுவைப் படித்து, ஏழாம் பக்கத்தைத் திருத்துகிறார்கள். மனு போட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. மறுபடியும் போடுவேன்.

(இ) நடந்தது.

நடந்ததைத்தான் எழுதினேன். இரண்டு பக்கம். அவள் எங்கே போய் நின்றாள், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, மேலேயிருந்து என்னென்ன தெரிந்தது. நான் எழுதியதிலேயே நல்ல இரண்டு பக்கம் அதுதான் என்று இப்போதும் சொல்வேன். அச்சுக்கு அனுப்பும் முன் அவளிடம் கொடுத்தேன். அந்தப் புத்தியாவது வந்ததே.

பல் அச்சில் கோடு போடும் சிவப்புப் பென்சிலோடு படித்தாள். மரத்தை அடித்தாள். பாதையை அடித்தாள். தூரத்தில் தெரிந்த கட்டடத்தின் நிறத்தை அடித்தாள். காற்றின் திசையையும் விடவில்லை.

“இதுல இருந்து கண்டுபிடிச்சிருவானா?” என்றேன்.

“மூணு நாள்ல வந்துருவான்க்கா. நீ அவ்வளவு நல்லா எழுதியிருக்க.”

பாராட்டு இவ்வளவு வலித்ததில்லை. இரண்டு பக்கத்தையும் அவள் முன்னாலேயே கிழித்தேன். அவள் விட்டுவைத்தது இவ்வளவுதான்:

பறந்தது. ஆறு நிமிடம். திரும்பி வந்ததைக் கையில் பிடித்துக்கொண்டாள். அன்று அவள் சிரித்ததை நான் பார்த்தேன்.

7.

எங்கே என்று இந்தக் கதையில் எழுதமாட்டேன். அந்த வேலை உங்களுடையது, வாசகரே.

உங்களுக்குத் தெரிந்த ஒரு வெளியில் அவளை நிறுத்துங்கள். உங்கள் பள்ளிக்கூட மைதானம், வேலை முடிந்து நீங்கள் கடந்துபோகும் காலி மனை, உங்கள் மொட்டைமாடி, எதுவானாலும் சரி. அங்கே இருக்கும் மரத்தை வையுங்கள், உங்கள் ஊர்க் காற்றை வீசவிடுங்கள். தாராளமாக, நுணுக்கமாகச் செய்யுங்கள். யாராவது கேட்டால் இங்கேதான் நின்றாள் என்று அடித்துச் சொல்லுங்கள்.

அவனும் இதைப் படிப்பான். நான் எழுதும் எதையும் அவன் விடுவதில்லை. ஆயிரம் பேர் படித்தால் ஆயிரம் இடத்தில் என் தங்கை நிற்பாள். ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.