பூட்டிய கம்பெனியின் மெஷின்கள்

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தத் தையற்கூடம் தனியாக ஒருவருக்குச் சொந்தமில்லை. அங்கே தைக்கிற எல்லாருக்கும் சொந்தம். வாடகையைப் பங்கு போட்டார்கள், வருகிற துணியைப் பங்கு போட்டார்கள், சண்டையையும் குறைவில்லாமல் பங்கு போட்டுக்கொண்டார்கள். எல்லாருமே முன்பு ஒரே கம்பெனியில் பவர் மெஷின் ஓட்டியவர்கள். ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனபோது கம்பெனி கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது. முன்கூட்டி ஒரு வார்த்தை கிடையாது. அவரவர் சாப்பாட்டு டப்பாவும் கத்தரிக்கோலும்கூட உள்ளேயே மாட்டிக்கொண்டன. அதற்குப் பிறகு பிடித்ததுதான் இந்த மாடி.

கூடம் தொடங்கியபோது கிடைத்த மெஷின்களை வாங்கிப் போட்டார்கள். அவை இப்போது ஒவ்வொன்றாகப் படுக்க ஆரம்பித்திருந்தன. முதலில் படுத்தது பட்டாசின் மெஷின்.

அவளுக்குப் பட்டாசு என்று பெயர் வைத்தது கூடத்தில் தைக்கிற குட்டையக்கா. "பத்த வைக்கவே வேணாம், பக்கத்துல போனாலே வெடிப்பா" என்று அதற்கு விளக்கமும் கொடுப்பாள். மெஷின் போனதிலிருந்து, யாராவது சாப்பிட எழுந்தால் பட்டாசு ஓடிப்போய் அந்த இடத்தில் உட்கார்ந்து தைத்தாள். அவர்கள் கை கழுவி வந்ததும் எழுந்து கொடுத்தாள். நாள் முழுக்க இரவல் நாற்காலி. அதனால் பழைய மெஷின் வாங்குவதா, புதிது வாங்குவதா என்ற பேச்சு எழுந்தபோது வேறு யாரையும்விட அவளுக்குத்தான் அவசரம். எதையாவது வாங்கித் தொலையுங்கள், எனக்கென்று ஒரு இடம் வேண்டும் என்றுதான் அவள் இருந்தாள்.

ஒரு நாள் அண்ணி மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். அண்ணி என்பது பட்டாசின் கணவனுக்கு அக்கா, கூடத்துக்குச் செயலாளர்.

"முதலாளி கம்பெனி மெஷினையெல்லாம் விக்கிறாராம். நம்ம மெஷினுங்கடி! புதுசுன்னா ரெண்டுதான் வாங்க முடியும். இதுன்னா ஆளுக்கு ஒண்ணு வந்துடும்."

"அந்த ஆளுகிட்டயா?" என்றாள் பட்டாசு.

"மெஷின் என்னடி பாவம் பண்ணுச்சு? முதல்ல வந்து பாரு. அப்புறம் வெடி."

மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு எல்லாரும் போனார்கள். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டு, முதலாளி பின்னால் வருவார் என்றான். பாதி டியூப்லைட் எரியவில்லை. மெஷின்கள் மேல் தூசி பஞ்சு மாதிரி படிந்திருந்தது. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருத்தியும் நேராக அவளுடைய பழைய இடத்துக்கே போனாள். பட்டாசின் மெஷினில், நூல் மாட்டுகிற கம்பியில் அவள் அடையாளத்துக்குக் கட்டிய சிவப்புத் துணி அப்படியே இருந்தது. மெக்கானிக் எண்ணெய் விட்டு, பெல்ட்டை மாற்றி, ஓட்டச் சொன்னார். கையோடு கொண்டுபோன கழிவுத் துணியை வைத்துப் பெடலை மிதித்தாள். வெண்ணெய் மாதிரி ஓடியது. உண்மையைச் சொன்னால் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் முதலாளி உள்ளே வந்தார்.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். "உக்காருங்கம்மா, உக்காருங்க" என்றார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முன்பெல்லாம் நடப்பது போலவே வரிசைகளுக்கு நடுவில் நடந்தார். கோபமாக ஒரு சொல் இல்லை. பட்டாசின் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தார்.

"தையல் ஒதுங்குது பாரும்மா" என்று தன்மையாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அவர் வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தபோது பட்டாசு தன் மடியைப் பார்த்தாள். அவள் கை கத்தரிக்கோல் முனையால் அந்தத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் பிரித்தாகிவிட்டது. குப்பையில் போடப் போகிற துணி! மெஷின் ஓடுகிறதா என்று பார்க்கத் தைத்த தையல். அது கோணினால் என்ன, குதித்தால் என்ன? அவர் இப்போது அவளுக்கு யார்? சரக்கு விற்கிற ஆள். அவள் வாங்க வந்த ஆள். அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. துணியைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் கூடத்தில் கூட்டம். மெஷின்களை நிறுத்திவிட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். கீழேயிருந்து ரப்பர் வாடை வந்துகொண்டிருந்தது. மெக்கானிக் மென்று விழுங்காமல் சொன்னார்: "அது அத்தனையும் இரும்பும்மா. இன்னும் பல வருஷம் ஓடும். இப்ப வர்ற புதுசு தகடு மாதிரி இருக்கு. வேற எங்கயாவது பழசு பாக்கலாம்னா பாக்கலாம், ஆனா உள்ள என்ன செத்துக் கிடக்குன்னு நான் பொறுப்பேத்துக்க முடியாது. இது நீங்க ஓட்டின வண்டி. உங்களுக்கே தெரியும்."

"அவ்வளவுதான், கையத் தூக்குங்க" என்றாள் அண்ணி.

"எனக்குப் பழசு வேணாம்" என்றாள் பட்டாசு.

அண்ணியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "உனக்காகத்தான்டி நான் நாயா அலைஞ்சேன்! இடமில்லாம நிக்கிறது நீ. என் தம்பி ஒருத்தன் சம்பளத்துல எத்தனை நாள் தள்ளுவ?"

"அவர் மெஷின் வேணாம் அண்ணி."

"அவரா வந்து இங்க நிக்கப் போறாரு? மெஷின் மட்டும்தானே வருது!"

"மெஷினோட நாமளும்தானே வர்றோம்! நேத்து அவர் உள்ள வந்ததும் எதுக்கு எந்திரிச்சோம்? உக்காருன்னதும் எதுக்கு உக்காந்தோம்? நாம வாங்கப் போனோமா, வேலை கேட்டுப் போனோமா?"

"பெரிய மனுஷன் வந்தா எந்திரிக்கிறது மரியாதைடி."

"இதுவும் மரியாதையா?" பட்டாசு பையிலிருந்து அந்தத் துணியை எடுத்து நடுவில் வீசினாள். "தையல் ஒதுங்குதுன்னாரு. நான் உக்காந்து பிரிச்சிருக்கேன். கழிவுத் துணிய! நான்! எனக்கே தெரியாம என் கை பிரிக்குது. அந்த மெஷின்ல உக்காந்தா என் காலு அந்தாளுக்குத்தான் ஓடுது அண்ணி. எனக்கு ஓடல."

"இவ்வளவு ரோஷமா இருந்தா ரோஷத்தையே மாசாமாசம் வாடகையா குடுத்துடு" என்றாள் அண்ணி. ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

குட்டையக்கா சிரிக்கவில்லை. எப்போதும் முதல் ஆளாகச் சிரிக்கிறவள், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து எனக்கு அவசரமா ஒண்ணுக்கு வந்துச்சு" என்றாள். "கையத் தூக்கிட்டு நின்னேன். அவரு வாட்ச்சப் பாத்துட்டு, சரி போயிட்டு சீக்கிரம் வான்னாரு. நானும் ஓடிப்போய் ஓடிவந்தேன். வீட்டுக்குப் போற வரைக்கும் அது எனக்குத் தப்பாவே தெரியலடி."

இந்த முறை ஒருத்தரும் சிரிக்கவில்லை. கீழே டயர் கடையில் யாரோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி குரலைத் தாழ்த்தினாள். ஆனால் கோபம் தாழவில்லை. "சரி. புதுசு ரெண்டுதான் வரும். கூடத்துல மொதல்ல சேர்ந்தவங்களுக்குத்தான் மொதல்ல. அது நாம போட்ட சட்டம். நீ கடைசியா சேர்ந்தவ. உனக்கு மெஷின் எப்போன்னு எனக்கே தெரியாது. அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

"அழ மாட்டேன். தரையில உக்காந்து கையாலயே காஜா எடுக்கிறேன், பட்டன் வெக்கிறேன்."

"வீம்பு!"

"ஆமா, வீம்புதான்."

கைகள் தூக்கப்பட்டன. பழையதற்கு அண்ணி முதலில் தூக்கினாள். இன்னும் சிலர் தூக்கினார்கள். புதியதற்குக் கொஞ்சம் கூடுதலாக விழுந்தது. குட்டையக்கா மட்டும் கையைத் தூக்காமல், "புதுசு" என்று வாயால் சொன்னாள்.

அண்ணி போனை எடுத்தாள். தான் தோற்றாலும் செயலாளர் வேலையைச் செய்கிறவள் அவள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், மெஷின் வேணாம்னு முடிவாயிடுச்சு."

"ஏம்மா? நல்லாத்தானே ஓடுச்சு? வேணும்னா இன்னும் குறைச்சுக்கறேன். ஓவர்லாக்கையும் சேர்த்து எடுத்துக்கங்க."

அண்ணி போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு எல்லாரையும் பார்த்தாள். கூடமே அவளைப் பார்த்தது. துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் அவர்களிடம் கிடையாது. அந்த வேலையை வெளியே கொடுத்துத்தான் வாங்குகிறார்கள்.

பட்டாசு எழுந்து போய் அண்ணியின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"வேணாம்" என்றாள்.

"யாரும்மா பேசுறது?"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அத்தனை காலம் பக்கத்தில் நடந்தவர் அவர். அவளுடைய தையல் ஒதுங்குவது தெரியும், குரல் தெரியாது.

"தைக்கிறவங்க பேசுறோம்."

"காரணம் சொல்லும்மா. மெஷின்ல ஏதாவது குறையா?"

"காரணமெல்லாம் சொல்ல முடியாது, சார்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வைத்த பிறகுதான் அந்த 'சார்' அவள் காதில் விழுந்தது. இத்தனைக்கும் நடுவில் அது எப்படி வந்து தொலைந்தது? போனைச் சுவரில் எறியலாம் போலிருந்தது; கூடத்துப் போனாயிற்றே என்று அண்ணியின் கையில் திணித்தாள்.

"எந்தக் கடையில புதுசு பாக்கணும்னு நாளைக்குப் பேசிக்கலாம்" என்றாள் அண்ணி, அவள் முகத்தைப் பார்க்காமல். "இப்ப எல்லாரும் வேலையப் பாருங்க. துணி அப்படியே கிடக்கு."

ஓடுகிற மெஷின்கள் ஓடத் தொடங்கின. பட்டாசு ஜன்னலோரம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சட்டைக் குவியலை இழுத்துப் போட்டு, ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தாள். கோபத்தில் குத்திய நூல் ஊசிக்காதில் நுழைய மறுத்தது. எச்சில் தொட்டு மறுபடி கோத்தாள்.