சம்பந்தி வீட்டுக்குச் சொல்லாத சேதி

காலையில் கடலூர் சிப்காட் கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால் மணவாளன் டீக்கடையில் நின்று ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார். பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள் என்று வீட்டில் போடமாட்டார். கேட்பவர்களிடம், "கேஸ் மாத்திரைப்பா" என்பார். கேஸ் தொல்லை இல்லாத மனிதன் எந்த ஊரில் இருக்கிறான்? யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை. அது ரத்தக்கொதிப்பு மாத்திரை என்பது அவர் மனைவிக்கும், சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை தமிழ்ச்செல்விக்கும்தான் தெரியும். தங்கைக்கும் அதே மாத்திரைதான்.

அவர்களுடைய அப்பா போனதும் இதில்தான். ‘தானே’ புயல் அடித்து ஓய்ந்த மறுநாள், முறிந்து கிடந்த மரக்கிளையை வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். கொதிப்பு ஏறி மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். வீட்டில் என்னவோ, "புயல்ல போயிட்டாரு" என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். புயலின் மேல் பழியைப் போட்டால் அது திரும்பி வந்து இல்லை என்று சொல்லப்போகிறதா?

மகள் இளமதிக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை பேசியபோதும் மணவாளன் அதையேதான் சொன்னார். தமிழ்ச்செல்விக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணா, இது நம்ம பொண்ணுக்கும் வரலாம். அவுங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிடலாம்ணா."

"சீக்காளிக் குடும்பம்னு பேர் வாங்கித் தரப் பாக்கிறியா? நீ வாயத் தொறந்தா, எனக்குத் தங்கச்சியே இல்லன்னு நெனச்சிக்கிறேன்."

அவள் எழுந்து போனாள். கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. அண்ணன் தங்கைப் பேச்சு மட்டும் நின்றுபோனது. நல்ல இடம் கைநழுவிப் போகாமல் காப்பாற்றிவிட்டோம் என்று மணவாளன் நிம்மதியாக இருந்தார்.

இளமதிக்கு எட்டாம் மாதம் முடிகிற சமயம். மாப்பிள்ளை அருள்முருகன் போன் செய்தார். "பிரஷர் ஏறிடுச்சு மாமா. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். ஆபரேஷன் பண்ணணுங்கறாங்க."

மணவாளன் அடித்துப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் அப்படியொன்றும் தூரமில்லை. அன்றைக்கு என்னவோ ஊர் வரவே மாட்டேன் என்றது. பெற்ற பெண்ணுக்கு எமனாகிவிட்டேனே என்று வழியெல்லாம் நடுங்கினார்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே சம்பந்தியம்மாள் ஸ்ரீமதி ஓடிவந்தாள். "பேத்தி பொறந்திருக்காண்ணா! எடைதான் கொஞ்சம் கம்மி. தாயும் புள்ளயும் நல்லா இருக்காங்க."

நடராசப் பெருமானுக்கு எத்தனை முறை நன்றி சொன்னார் என்று மணவாளனுக்கே தெரியாது.

பிறகு டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டுப் பேசினார். "உங்க குடும்பத்துல பி.பி. இருக்குன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டாங்க. அதனால இளமதிய அடிக்கடி வரவெச்சுப் பார்த்தேன். ஏற ஆரம்பிச்சதுமே பிடிச்சிட்டோம். விட்டிருந்தா வலிப்பு வரைக்கும் போயிருக்கலாம்."

"எங்க ரத்தத்துலருந்து வந்த வெனைதாங்களா இது?"

"அப்படிச் சொல்லாதீங்க. இது ஒரே ஒரு ஜீனால வர்றதில்ல. அப்பா அம்மா கிட்டருந்து வர்ற பல ஜீன் சேர்ந்து, வர்றதுக்கான வாய்ப்ப ஜாஸ்தியாக்குது. உப்பு, உடம்பு எடை, நம்ம பழக்கவழக்கம் எல்லாம் அதோட கூட்டு சேருது. குடும்பத்துல இருந்தா எல்லாருக்கும் வந்தே தீரும்னு இல்ல. மத்தவங்களவிட முன்னாடியே பார்க்க ஆரம்பிக்கணும். அதுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும் இல்லையா?"

வெளியே வந்தவரின் கையை ஸ்ரீமதி பற்றிக்கொண்டாள். "உங்களுக்குக் கோடிப் புண்ணியம்ணா. மருமவ முழுகாம இருக்கான்னு தெரிஞ்ச ஒடனே தங்கச்சிய அனுப்பி வெவரம் சொன்னீங்களே! 'அண்ணனுக்கு நேர்ல சொல்லக் கூச்சம், அதான் என்னை அனுப்புச்சாரு'ன்னாங்க. எத்தினி பேரு இப்படிச் சொல்லுவாங்க?"

சும்மா தலையாட்டினால் போதும், பெருமையெல்லாம் மணவாளனுக்கே. ஆனால் முடியவில்லை.

"நான் அனுப்பலம்மா. சொல்லாதேன்னு தடுத்தவனே நான்தான். அவளாத்தான் வந்து சொல்லி, எம் பேரையும் காப்பாத்தியிருக்கா."

ஸ்ரீமதி அவர் முகத்தையே பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். "அப்ப இங்க எதுக்கு நிக்கிறீங்க? போயி மொதல்ல அவுங்களப் பாருங்க" என்றாள்.

தங்கை வீடு கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில். கதவைத் திறந்த தமிழ்ச்செல்வி அண்ணன் முகத்தைப் பார்த்து அரண்டுபோனாள். "இளமதிக்கு என்னண்ணா?"

"நல்லா இருக்காம்மா. பேத்தி பொறந்திருக்கா. எல்லாம் உன்னாலதான்" என்றவர் நின்ற இடத்திலேயே அழுதார். தங்கையும் அழுதாள்.

அவள் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "எத்தினி பவுன் போடறேன்னு சபையில சத்தமா சொன்னேன். ஒடம்புல என்னத்தக் குடுத்து அனுப்பறேன்னு சொல்லலியே. குடும்பத்துல சீக்கு இருக்கிறது குத்தமில்லம்மா. அத மூடி மறைக்கிறதுதான் பெரிய குத்தம், புள்ளைங்க உசுருக்கே வெனையா வந்துடும். நீ எனக்குத் தங்கச்சியா பொறந்ததுக்கு நான் குடுத்து வெச்சிருக்கணும்."

"போதும் விடுண்ணா."

"விடறதா? எம் மவன் செம்பியனுக்குப் பொண்ணு பாத்துனு இருக்கோம். நாளைக்கே அவனுக்கு பி.பி. பாத்துட்டு, பொண்ணு வீட்டுல எல்லாத்தயும் நானே சொல்லிடப் போறேன். நீயும் கூட வந்து உக்காரு."

"நான் எதுக்குண்ணா?"

"பாதியில எனக்கு வெக்கம் வந்துட்டா, மீதிய நீதான் சொல்லணும்."